வெள்ளி ராவு நூத்தி நாலு

சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னவள், அதையே எழுத்தில் எதற்கு மறைக்கப் போகிறாள்? மின்ஹாவின் தாய் நிரப்பிய குறிப்பு அட்டையைப் பார்க்கப் பார்க்க உமையாளுக்குள் அந்தக் கேள்விதான் ஓடியது. தடுப்பூசி ஆய்வில் பதிவுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. அதில் அவள் பொய்யைவிடப் பயத்தைத்தான் அதிகம் கண்டிருக்கிறாள்.

எதிரே டாக்டர் தர்மராஜ் உட்காராமலே பேசினார். கீழக்கரையில் மலேரியாத் தடுப்பூசியின் முதல் கட்டச் சோதனை அவர் பொறுப்பில் நடக்கிறது. பெரியவர்களுக்குப் போட்டுப் பார்த்துத் தீங்கில்லை என்றான பிறகே பிள்ளைகளுக்குத் தொடங்கினார்கள். முதல் பிள்ளை மூன்று வயது மின்ஹா. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊசி.

"வெள்ளி ராத்திரி நூத்தி நாலு காய்ச்சல்னு வசந்தகுமார் எழுதியிருக்கார். அதே ராத்திரி தொண்ணூத்தெட்டரைதான்னு அட்டையில அந்தம்மா எழுதியிருக்காங்க. நூத்தி நாலு உண்மைன்னா நாளைக்கு வரப்போற பதினொரு பிள்ளைகளுக்கும் ஊசி கிடையாது. எல்லாம் நின்னுரும், உமையாள்."

களப்பணியாளன் வசந்தகுமாருக்குச் சந்தேகமே இல்லை. "அட்டைதான்க்கா பொய். காலையில போன்ல அவுக சொன்னத அப்படியே எழுதுனேன். 'வெள்ளி ராவு நூத்தி நாலு அடிச்சுச்சு, இப்ப ஓடியாடுறா, அல்ஹம்துலில்லாஹ்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாக."

ஞாயிறு பிற்பகல் மூவரும் மின்ஹாவின் தாய் நூர் நிஷாவின் வீட்டுக்குப் போனார்கள். மின்ஹா தலையணை மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். தட்டு நிறையத் தொதல் இனிப்பு வந்தது. போன வருடம் மலேரியாவில் நினைவிழந்து கிடந்த நூர் நிஷாவைப் பிழைக்க வைத்தது தர்மராஜ்தான். பெரியவர்களுக்கான ஊசியை முதல் நாளே வந்து போட்டுக்கொண்டவளும் அவள்தான்.

உமையாள் கிழமையைக் கேட்கவில்லை. "ராவெல்லாம் முழிச்சிருப்பீங்களே, நூரு?"

"கண்ண மூடலக்கா. விடிஞ்சதும் மாமனாருக்கு ஜும்ஆ சட்டையக்கூடத் தேய்ச்சுக் கொடுக்க முடியல. கசங்குன சட்டையோடதான் பள்ளிவாசலுக்குப் போனாக. விடியுமுன்ன சுபுஹு பாங்குக்குக் காய்ச்சல் சிரப்பு கொடுத்தேன், அதுக்கப்புறம்தான்..." நூர் நிஷா பாதியில் நிறுத்திக்கொண்டு தட்டை முன்னால் தள்ளினாள். "சாப்பிடுங்கக்கா."

உமையாள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். "வசந்து, ஜும்ஆ தொழுகை என்னைக்கு?"

"வெள்ளி மத்தியானம். இதுகூடத் தெரியாதா எனக்கு?"

"காய்ச்சல் அடிச்ச ராவு விடிஞ்சா ஜும்ஆ. அப்ப அந்த ராவு?"

அவன் விரல் விட்டு எண்ணினான். "வியாழன்! ஆனா வெள்ளி ராவுன்னாகளே?"

நூர் நிஷா வாயைப் பொத்திச் சிரித்தாள். "உங்க வெள்ளி விடிஞ்சாத்தான் பொறக்கும் தம்பி. எங்களுக்கு வியாழன் பொழுது சாஞ்சு மஃரிபுலயே பொறந்துரும். முந்துன ராவத்தான் வெள்ளி ராவுன்னுவோம்."

"எங்க ஊரு நயினார்கோவில்ல யாரும் இதச் சொல்லலையே!"

"நீ கேட்டியா?" என்றாள் உமையாள். "அட்டையும் உண்மை, நீ எழுதுனதும் உண்மை. கிழமை மட்டும்தான் தப்பு. அந்தக் காய்ச்சல் ஊசிக்கு முன்னாடியே வந்தது, டாக்டர்."

தர்மராஜ் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "மருந்து மேல பழி இல்ல," என்று தனக்குத்தானே சொன்னவர், நூர் நிஷாவைப் பார்த்துக் கைகூப்பினார். "ரொம்ப நன்றிம்மா."

உமையாளுக்கும் மனம் லேசானது. ஆனால் இதோடு நிறுத்த முடியாது என்பதும் தெரிந்திருந்தது. "இன்னொண்ணு இருக்கு, டாக்டர். ஊசிக்கு முந்தின நாள் காய்ச்சல் இருந்தா ஊசி கிடையாது. விடியக்காலையில கொடுத்த சிரப்பு பத்து மணிக்குக் காய்ச்சல வெளிய காட்டல. நர்ஸ் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க, நூரு?"

நூர் நிஷாவின் சிரிப்பு மறைந்தது. "இல்லைன்னுட்டேன். டாக்டர் மொத மொதல்ல எம்புள்ளையக் கேட்டாக. என்னை எந்திரிக்க வச்சவுக கேட்டு, இன்னைக்கு வேணாம்னு எப்படிச் சொல்லுறது? எனக்கு வந்த அந்த மலேரியாக் குளிர் அவளுக்கும் வரக்கூடாதுன்னும்தான்."

இந்த நன்றியை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று உமையாள் யோசித்தாள். அப்படி ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

"வியாழன்னு எழுதுனா அடுத்த மாசம் ரெண்டாவது ஊசி போட மாட்டீகளா?" என்று கேட்டாள் நூர் நிஷா.

"போட முடியாதும்மா. ஆனா அவள கடைசிவரைக்கும் நாங்க பாத்துக்குவோம்," என்றார் டாக்டர்.

நூர் நிஷா உமையாளின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப செவ்வாய்னு எழுதுங்கக்கா. இப்பவே ஒரு நாள் முன்னால தள்ளுனீகல்ல? இன்னும் ரெண்டு நாள்தான. யாருக்கு என்ன நட்டம்?"

டாக்டர் உமையாளைப் பார்த்தார். வசந்தகுமாரும் பார்த்தான். உமையாள், தொதல் பிசுக்கு ஒட்டிய விரல்களோடே நூர் நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழன்னுதான் எழுதுவேன், நூரு."