கரிச்சட்டிக்கு ஆள் சேர்த்த கதை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. பேசினால் ஒத்துப்போய்விடுவோமோ என்ற பயம். பால் வாங்கப் போனால்கூட எதிர்வீட்டுக்காரி "வெயில் ஜாஸ்திங்க" என்று சொல்லிவிடுவாளோ என்று தலையைக் குனிந்துகொண்டே போய்க் குனிந்துகொண்டே வருவேன். அவளும் அப்படித்தான்.

அன்றைக்குத்தான் மாறுகருத்துப் பதிவு. பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும் மாதம் ஒரு கருத்தைப் பதிய வேண்டும். நிபந்தனை இரண்டுதான். நூறு பேரில் ஐந்து பேருக்கு மேல் அந்தக் கருத்து இருக்கக் கூடாது. அடுத்தது, அது உங்கள் மனதில் மெய்யாகவே இருக்க வேண்டும். வாய்க்கு வந்ததை உளறிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. மணிக்கட்டில் மாட்டுகிற நாடிவளையம் மெய் என்றால் பச்சையாகும், பொய் என்றால் சிவந்துவிடும். அதன் கண்ணில் மண்ணைத் தூவியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இப்படி ஒரு சட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உருண்டை வருடத்தைப் பார்க்காதவர்கள். நான் பார்த்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கற்பனைக் குட்டி மிருகங்களைப் பிடித்து வளர்க்கிற குட்டிக்காடு விளையாட்டில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுபதிப்பு வரும். எல்லோருடைய விருப்பத்தையும் கூட்டிக் கழித்து எண்ணூற்றுப் பன்னிரண்டு குட்டிகளையும் புதிதாக வரைவார்கள். திருப்பூரில் குட்டி வளர்க்காத வீடு கிடையாது. கண்வில்லையைப் போட்டுக்கொண்டால் போதும், பிடித்த குட்டிகள் சோபாவிலும் பேருந்திலும் நம்மோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வருடம் மறுபதிப்பு வந்ததும் எல்லோரும் ஆசையாகத் திறந்து பார்த்தோம். எண்ணூற்றுப் பன்னிரண்டும் ஒன்றே போல இருந்தன. பெரிய கண், உருண்டை வயிறு, மெத்து மெத்தென்று முடி. நிறம் மட்டும் வேறு. எது என் குட்டி, எது பக்கத்து வீட்டுக் குட்டி என்று தெரியாமல் தெருவில் பெரிய ரகளை. பிறகுதான் ஆட்களுக்கு உறைத்தது. நாற்காலி, பாட்டு, வீட்டின் முகப்பு, சாம்பார் என்று எல்லாமே எப்போதோ உருண்டையாகிவிட்டிருந்தன. சட்டம் அதற்கப்புறம் வந்தது. மாறுகருத்து வைத்திருப்பவர்களுடைய பழைய வடிவங்களையெல்லாம் கிடங்கிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சட்டம் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லலாம் என்கிறது. ஆனால் சம்பந்தியைப் பற்றியோ அமைச்சரைப் பற்றியோ வாயைத் திறந்தால் அடிதடிதான் மிஞ்சும். குட்டியின் வாலைப் பற்றிச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? அதனால் ஊரே குட்டிகளைப் பற்றித்தான் பதிகிறது.

என் குட்டி கரிச்சட்டி. முதல் பதிப்பில் பிடித்தது, இருபத்திரண்டு வருடமாகிறது. அடிப்பிடித்த சட்டி ஒன்றுக்கு ஐந்து கால் முளைத்த மாதிரி இருக்கும். ஒரு காது. வாய் எங்கே இருக்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியாது. நடந்தால் ஐந்தாவது கால் தடுக்கும். பிறகு வந்த மறுபதிப்பில் பொது வடிவமாக அதைப் பளபளவென்று வெள்ளிப் பானையாக்கி, மூடி போட்டு, மூடிமேல் பூ வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். எனக்குப் பழையதுதான் அழகு. அது தடுக்கி விழுந்து எழுந்து என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு கோபம் இருக்கும் பாருங்கள், அதற்காகவே நான் உயிரைக் கொடுப்பேன்.

"பழைய கரிச்சட்டிதான் அழகு." பதினோரு வருடமாக இதைத்தான் பதிந்துகொண்டிருந்தேன். ஒரே கருத்தை மாதா மாதம் சொல்லத் தடையில்லை. நூற்றுக்கு மூன்று பேர்தான் என் கட்சி. நிம்மதியாக இருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் போய்ச் சொன்னபோது திரையில் ஆறு என்று வந்தது. செல்லாது என்றார்கள். போன மாதம் ஏழு. மூன்று மாதம் தொடர்ந்து தவறினால் ஊரோடு ஒத்துப்போகிறவர்களின் ஒத்தாள் பட்டியலில் பெயர் ஏறிவிடும். ஒத்தாளுக்கு மறுபதிப்பில் குரல் கிடையாது. அதுகூடப் போகட்டும். ஒத்தாளின் குட்டிகள் பதிவு முடிகிற அன்று மாலை ஐந்து மணிக்கே பொது வடிவத்துக்கு மாறிவிடும், பழைய வடிவத்தைத் திரும்ப வாங்க வழியே இல்லை. பூ வைத்த வெள்ளிப் பானையோடு நான் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

மூன்று மணிக்கு நானும் என் வீட்டுக்காரர் செங்கோட்டுவேலும் கருத்து நிலையத்துக்குப் போனோம். அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. காப்பியில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால்தான் ருசி என்பார். நூற்றுக்கு ஒருவர். இரண்டே நிமிடத்தில் பதிந்துவிட்டு, வளையத்தைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதிவாளர் நஸ்ரின் சின்னப் பெண். பொறுமைசாலி. "மெதுவாச் சொல்லுங்க்கா, ரெண்டு மணி நேரம் இருக்குது" என்றாள்.

வீட்டில் எழுதிக்கொண்டு வந்த தாளைப் பிரித்தேன். "வெடிவால் குட்டி மூணாவது வடிவத்துல ரெண்டு கால்ல எந்திரிச்சு நிக்கறது நல்லால்லீங்க. நாலு கால்லயே இருந்திருக்கோணும்."

"ஐம்பத்தெட்டு பேர் இதையேதான் சொல்றாங்க."

"சாவிக்கொத்துன்னு ஒரு குட்டி இருக்குதல்ல? வரையச் சோம்பல்பட்டு சாவிக்குக் கண்ணு வெச்சுட்டாங்கன்னு எல்லாரும் திட்டறாங்க. எனக்கு அது பிரமாதம்."

"இருபத்தேழு. திட்டறவங்களைக் காட்டிலும் பிடிக்கும்கிறவங்க இப்ப ஜாஸ்திங்க்கா."

"மறுபதிப்புல விளையாட்டோட பாட்டை மாத்துனது நல்லதுக்குத்தான்."

வளையம் சிவந்தது. பொய்தான், எனக்கே தெரியும். அடுத்து, விளையாட்டின் கதையில் வருகிற கெட்டவன் சொல்வதுதான் நியாயம் என்றேன். அறுபத்து நான்கு. குட்டிகளைப் பிடிக்கவே கூடாது, தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்றேன். முப்பத்தொன்று. குட்டிக்காடு விளையாட்டே ஒரு பைத்தியக்காரத்தனம் என்றேன். எழுபது பேர் என்று வந்ததோடு வளையமும் சிவந்தது. ஊரில் யாருக்கும் இல்லாத எண்ணம் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் ஊர் முழுக்க இறைந்து கிடக்கிறது. அப்புறம் என்னிடம் எனக்கென்று என்னதான் இருக்கிறது? நான்கு மணி ஆகியிருந்தது. கரிச்சட்டி என் காலடியில் தடுக்கி விழுந்து, எழுந்து, என்னை முறைத்தது. அழுகை வந்துவிட்டது.

நஸ்ரினுக்கே பாவமாகப் போயிற்று. "உங்க பழைய கருத்து மூணுல இருந்து ஏழு எப்படி ஆச்சுன்னு பாக்கலாமுங்க்கா. எங்கிருந்து பரவுச்சுன்னு தடம் இருக்கும். வேணும்னே யாராவது பரப்பியிருந்தா ஒரு மாசம் தவணை கேக்கலாம்" என்றாள்.

திரையில் ஊர் வரைபடம் விரிந்தது. அதில் ஒரு புள்ளியிலிருந்து கோடுகள் கிளம்பி நாலாபக்கமும் ஓடின. நொய்யல் கரையில் இருக்கிற தண்ணீர் மீட்பு நிலையம் அது. என் வீட்டுக்காரர் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிற இடம்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, என்ன இது?"

"உன்ற குட்டிக்கு மூணு பேர்தான் தொணைன்னு நீ வருத்தப்பட்ட மாதிரி இருந்துச்சு. அதான் நம்ம ஆளுககிட்டப் பேசுனேன். கரிச்சட்டி எவ்வளவு அழகுன்னு எடுத்துச் சொன்னேன். வேன்ல போறப்ப, சாப்பிடறப்ப எல்லாம் சொன்னேன். மொதல்ல சிரிச்சாங்க, அப்பறம் அவங்களுக்கும் பிடிச்சுப்போச்சு."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு, எட்டு மாசம். ஆளுக நெறையா சேந்துட்டா உன்ற குட்டிய ஒருத்தனும் தொட முடியாதுன்னு நெனச்சேன் புள்ள."

என்ன மனிதர் இவர்! ஆள் சேர்ந்தால் பலம் என்பதெல்லாம் சட்டத்துக்கு முந்தைய காலத்து நினைப்பு. இந்தக் காலத்தில் மனைவிக்குப் பிடித்ததை ஒருவன் ஊரெல்லாம் புகழ்வானா? புகழ்ந்து புகழ்ந்தே கொல்லப் பார்த்திருக்கிறார். ஆனால் எட்டு மாதம் ஒரு மனிதர் எனக்காக ஒரு கரிப்பிடித்த சட்டிக்காக வாதாடியிருக்கிறாரே என்றும் இருந்தது. திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா?

நஸ்ரின் அவர் பக்கம் திரும்பினாள். "இது வேணும்னே பரப்புனதான்னு பாக்கணுமுங்க. உங்களுக்கே மெய்யாப் பிடிச்சதை நாலு பேர்கிட்டச் சொல்லியிருந்தா தவணை கிடைக்காது. உங்களுக்குக் கரிச்சட்டியை நெசமாவே பிடிக்குமுங்களா? தவணை விண்ணப்பத்துல இதைக் கேப்பாங்க."

"பிடிக்கும்" என்றார், துளிகூடத் தயங்காமல்.

அவர் மணிக்கட்டில் இருந்த வளையம் சிவந்தது.

அவர் அதைக் கையால் மூடினார். நஸ்ரின் திரையைப் பார்த்தாள். "பிடிக்காததைப் பிடிக்கும்னு பரப்பியிருந்தா தவணை உண்டுங்க, ஆனா அதை விசாரிக்க ஆறு வாரம் ஆகும். இன்னிக்கு உதவாது" என்று சொன்னாள். எனக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. கல்யாணம் ஆன புதிதில், குட்டிச் சந்தையில் எல்லோரும் என் கரிச்சட்டியைப் பார்த்துச் சிரித்தபோது இவர் ஒருவர்தான் குனிந்து அதன் ஒற்றைக் காதைத் தடவினார். எனக்கு ஒத்தவர் இந்த ஊரில் ஒருவராவது இருக்கிறார் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று பேரில் இவர் ஒருவர் என்றே எண்ணியிருந்தேன். இருபது வருடம்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"உனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதனால சொன்னேன்."

"நான் வெச்ச கத்திரிக்காக் குழம்பு?"

அவர் வளையத்தின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

"வீட்டுக்கு அடிச்ச பச்சைப் பெயிண்ட்டு? உங்க தங்கச்சியோட நான் சண்டை போட்டது சரின்னு சொன்னது?"

"ஏம் புள்ள, இங்க வெச்சு…"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "நான் சொல்றதுக்கெல்லாம் நீங்க ஆமாஞ்சாமி போடறது எனக்குப் பிடிக்கவே இல்லைங்க. ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருந்தா நான் ஒரு மனுசனோட வாழ்ந்தேன்னு இருந்திருக்கும்" என்று கத்திவிட்டேன். வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா" என்றாள் நஸ்ரின் தாழ்ந்த குரலில். "உங்க கையைப் பாருங்க."

வளையம் பச்சையாக இருந்தது. இன்று முழுவதும் அப்படி ஒரு பச்சையை அது காட்டவில்லை.

"நூத்துல ரெண்டு பேருங்க. வீட்டுக்காரர் ஒத்துப்போறது பிடிக்கலைன்னு சொல்றவங்க ரெண்டே ரெண்டு பேர். செல்லும். பதிஞ்சரட்டுங்களா?"

மணி நான்கு ஐம்பது. பதிந்தால் கரிச்சட்டி பிழைக்கும். பதிந்தால் மாதா மாதம் நான் இங்கே வந்து இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் என்னிடம் இப்போது வேறொன்றும் இல்லை. அவருக்கும் அது தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேன். அடி வாங்கிய முகமாக இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லியிருந்தால் அந்தக் குட்டியை விட்டுக்கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"பதிஞ்சிரு புள்ள" என்றார் அவர். "அதுதான் சரி."

பதிந்தேன்.

திரும்பிப் போகிற பேருந்தில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர், நடுவில் கரிச்சட்டி. பழைய வடிவம், ஐந்து காலும் அப்படியே. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. ஏன் இல்லை என்றும் புரியவில்லை. அவர்மேல் இருந்த கோபம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒரு பொய்யை இருபது வருடம் கட்டிக் காப்பாற்றுகிறவனுக்கு எவ்வளவு பிரியம் இருக்க வேண்டும் என்று ஒரு நிறுத்தத்தில் தோன்றும். அந்தப் பிரியத்தில் நான் எங்கே இருந்தேன், அவர் எங்கே இருந்தார் என்று அடுத்த நிறுத்தத்தில் தோன்றும்.

குமரன் சாலை தாண்டியதும் அவர் குனிந்து கரிச்சட்டியை வெகுநேரம் பார்த்தார். காதைத் தடவவில்லை.

"இதப் பாத்தா எனக்கு எப்பவுமே வயித்தப் பொரட்டும்" என்றார். "கத்திரிக்காக் குழம்பும் அப்படித்தான். என்ற தங்கச்சி விசயத்துல தப்பு உன்ற மேலதான்."

இதைத்தானே கேட்டேன்? அவர் கையைப் பிடித்து மணிக்கட்டைப் பார்த்தேன். வளையத்தை நிலையத்திலேயே கழற்றிக் கொடுத்துவிட்டோம். வெறும் கை.

"நெசமாத்தான் சொல்றீங்களா? இல்ல நான் கேட்டதுக்காகச் சொல்றீங்களா?"

அவருக்கே விளங்காத மாதிரிதான் இருந்தது.

"எதைச் சொன்னா உனக்கு நல்லாருக்கும்?" என்று கேட்டார்.