மந்தை மேட்டு லில்லி

தம்பி பெண்டாட்டியைக் கேலி செய்யாமல் சேனாதிபதிக்குக் காலைக் காப்பி இறங்காது.

“என்ன மகாதேவி, ஒன் பூவெல்லாம் பஸ் ஏறிருச்சா? மாடு மேஞ்ச மேட்டுல லில்லி போடுறாளாம்... அதுலயும் மருந்தே அடிக்க மாட்டாளாம்! கொடைக்கானல்ல இருந்து இன்னைக்குப் புரோக்கர் வர்றாரு. அந்த மேட்டக் காட்டேஜ் கட்டக் குடுத்துட்டு நிம்மதியா இருப்போம்.”

“அவ கைராசி அப்படி,” என்றாள் மாமியார் பாப்பம்மாள்.

மகாதேவி கல்யாணமாகி வந்த நாள்முதல் இந்த வீட்டுப் பூண்டுக் காட்டில் மருந்தடித்து, இருமி இருமி உழைத்தவள். மாடுகளை விற்றபின் சும்மா கிடந்த மேட்டைத்தான் கேட்டாள். சாணியும் வேப்பம்புண்ணாக்கும் போட்டு, நஞ்சில்லாமல் பூ வளர்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. ஆனால் பாத்தி பாத்தியாகச் செடி கருகிவிட்டது. மேடும் கைவிட்டுப் போனால் மறுபடி அந்த மருந்து டேங்க்தான் முதுகில்.

புருஷன் முருகவேலோ, அண்ணன் கேலிக்குப் பயந்து அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத சூரன். புரோக்கருக்கு எல்லை காட்டத்தான் வீட்டாரோடு அன்று மேடு ஏறினான். பாத்தியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“ஏண்டி... இங்கயா நட்ட? இது மாட்டுக்கு உப்பு வெக்கிற எடம்டி! வருசக்கணக்கா நாந்தான் சொமந்து கொட்டினேன். புல்லே மொளைக்காதே!”

“அத்தைதாங்க காட்டுனாங்க... சாணி விழுந்த மண்ணு, இங்கயே போடுன்னு. மிச்சக் கெழங்க வேலியோரம் ஊனுனேன். அது மட்டும் மொட்டு விட்டிருக்கு. சொன்னா யாரு காது குடுத்தீங்க?”

எல்லார் கண்ணும் பாப்பம்மாள் மேல் திரும்பின. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள்.

“நான் என்னடி பண்ணுவேன்... நீ பூவு பூவுன்னு மேட்டுக்கு வந்துட்டா பூண்டுக்கு யாரு பாடுபடுவா? ஒரு தடவ தோத்தா காட்டுக்கே திரும்பிருவேன்னு நெனச்சேன்... என்னைய மன்னிச்சுரு தாயி!”

“சரி, ஆனது ஆச்சு. ஏலே முருகவேலு, வெரசா ஒன் பங்குக்குக் கையெழுத்தப் போடு,” என்றான் சேனாதிபதி.

“போட மாட்டேண்ணே.” என்றான் முருகவேல். “இது அவ மேடு.”

புரோக்கர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

காலில் விழப்போன மாமியாரை மகாதேவி தூக்கி நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டாள். அழுகிற முகத்தைப் பார்க்க இரக்கமாக இருந்தது. மரியாதைதான் வரவில்லை.

“அழுவாதீங்க அத்தை. ஒங்களுக்குச் சோறு போடுறதுல கொறை வெக்க மாட்டேன். ஆனா பூண்டுக்கு மருந்தடிக்க இனிமே ஒங்க மூத்த மகன அனுப்புங்க. எனக்கு இங்க சோலி கெடக்கு.”

மண்வெட்டியோடு அவள் வேலிப்பக்கம் நடந்தாள். முருகவேல் பின்னாலேயே ஓடினான்.

“குடு மகாதேவி... நான் வெட்டுறேன்.”

“வெட்டுங்க,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமலே. “பாத்து... கெழங்கு மேல கால வெச்சுறாதீங்க.”