பின்னறையில் பெரியவன்

மழை விட்டபாடில்லை. சுவரெல்லாம் ஓதம் ஏறி, துவைத்த சட்டை கொடியிலேயே நாறி, தீக்குச்சிகூட நமுத்துப்போன அந்த வீட்டில், காலையில் ஈரத்துணியால் துடைத்த மேசைமேல் மாலைக்குள் காய்ந்த தூசி படிந்திருந்தது.

எழுத்தாளன் அதில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான். வெளுத்த சாம்பல் நிறம். தேய்த்தால் நறநறவென்றது. வீட்டுத் தூசி இப்படி இருக்காது, அது பஞ்சாய்த் திரளும். இது கல். அவனுக்கா தெரியாது? கல் உடைக்கும் ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பிறந்து, சோற்றோடும் தண்ணீரோடும் இதைத் தின்று வளர்ந்தவன். அப்பா, அம்மா, அண்ணன் எல்லாருடைய புருவமும் வெளுத்துக் கிடந்த குடும்பம். வேலைக்குப் போகிற வயது வந்தால் எல்லாருக்கும் புருவம் நரைத்துவிடும் என்றே சின்ன வயதில் அவன் நினைத்திருந்தான்.

பெரியவன், அவன் அண்ணன், கொண்டுவந்த பையிலிருந்து உதிர்ந்திருக்கும். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டு மறுபடியும் துடைத்தான். துணியை உதறியபோது மூக்கில் பழைய வாடை ஏறியது. கல்லும் கல்லும் உரசிப் பொறி பறக்கும்போது வருகிற, சூடான, தொண்டையை வறட்டும் வாடை.

பின்னறையில் பெரியவன் இருமினான். இருமல் என்று பேருக்குத்தான் சொல்லலாம். ஜல்லியை மண்வெட்டியால் வழித்து இரும்புச் சட்டியில் போடுகிற சத்தம் அது.

மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே நர்ஸ். பெரியவனின் நுரையீரலுக்கு வைத்தியம் பார்க்க அங்கேதான் கட்டில் கேட்டிருந்தார்கள். கட்டில் காலியாகும்வரை பெரியவன் இந்த வீட்டில்.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள குடுங்க," என்றாள் செருப்பை மாட்டியபடி. "செத்தவருக்குப் பசிக்காதுன்னு விட்டுடாதீங்க."

"மெதுவா பேசேன்."

"நான் மெதுவா பேசினா உங்க பொய் உண்மையாயிடுமா? இன்னைக்கு வர்றாரே உங்க பதிப்பாளர், அவர்கிட்ட சொல்லிடுங்க. எங்கண்ணன் சாகலை, உள்ள படுத்திருக்கார்னு. பக்கம் பக்கமா எழுதறீங்க, ஒரு வரி வாயில வராதா?"

"சொல்றேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க," என்று குடையை விரித்துக்கொண்டு போனாள்.

அவன் அண்ணனைக் கொன்றது ஒரு மத்தியானத்தில். நாவலின் முதல் பிரதியில் அண்ணன் சாகவில்லை, இருமிக்கொண்டே இருந்தான். பதிப்பாளர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சார், கதை எங்கேயோ தொங்குது. ஒரு மனுஷன் இருமிக்கிட்டே இருந்தா வாசகன் எவ்வளவு நேரம் கேப்பான்? ஒண்ணு அவன் தேறணும், இல்ல போயிடணும்." எழுத்தாளன் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆலையில் அரைத்த கல்தூள் சேரும் தொட்டியின் வாய் திறந்துகொள்கிற மாதிரி எழுதினான். அடியில் நின்ற அண்ணன் தூளில் உயிரோடு மூடிப்போனான். தம்பி நகம் பிய்ந்துபோகும்வரை வெறுங்கையால் தோண்டினான். வாக்கியம் வாக்கியமாக வந்து விழுந்தது. எழுதி முடித்ததும் நன்றாகப் பசித்தது, நிறையச் சாப்பிட்டான்.

அதுவரை தப்பில்லை. கதையென்றால் யாரையும் கொல்லலாம். ஆனால் புத்தகத்தின் பின்னட்டையில், அவன் படத்துக்குக் கீழே, 'கல் ஆலையில் அண்ணனைப் பறிகொடுத்தவர்' என்று பதிப்பாளர் போட்டுவிட்டார். அச்சுக்குப் போகுமுன் அவனிடம் காட்டவும் செய்தார். அவன் ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தான். வெளியீட்டு விழாவில் யாரோ ஓர் அம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஆமாம்மா," என்றான். அதற்கப்புறம் பழகிவிட்டது. ஒரு மேடையில் அவனுக்குக் கண்ணீரே வந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை. அதுதான் கேவலம்.

சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். பெரியவன் சுவரில் சாய்ந்து, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆலையை விட்டு வருஷக்கணக்காகியும் புருவத்தில் வெளுப்பு போகவில்லை. எழுத்தாளன் படித்த படிப்பெல்லாம் இந்த ஆள் மூச்சை விற்று வந்தது.

"வாடா சின்னவனே. மீதியை எப்ப படிச்சுக் காட்டுவ?"

முந்தின நாள் பெரியவன் கேட்டிருந்தான்: என்னைப் பத்தி எழுதியிருக்கியாமே, எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, நீயே படியேன். அவனும் படித்தான். அம்மா அடித்தது, ஒரே சட்டையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டது எல்லாம் படித்தான். பெரியவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். கடைசி அத்தியாயம் வந்ததும் தம்பி புத்தகத்தை மூடிவிட்டான்.

"அவ்வளவுதாண்ணே. மிச்சம் சும்மா ஊர்க்கதை," என்று அன்றைக்குச் சமாளித்தான்.

பெரியவன் இன்று விடவில்லை. "அப்ப அவன் என்னதான்டா ஆனான்? நல்லா வச்சிருக்கியா அவனை?"

"வச்சிருக்கேன்ணே," என்று இப்போதும் சமாளித்தான். பிறகு தரையைப் பார்த்தபடி, "ஒரு ஆள் வர்றார். வேலை விஷயம். கொஞ்ச நேரம் நீ வெளிய வராம இருந்தா..."

பெரியவன் தம்பியின் முகத்தையே பார்த்தான்.

"சரிடா. நான் சொல் பேச்சு கேப்பேன், இந்த இருமல்தான் கேக்காது." தலையணையைத் தூக்கிக் காட்டினான். "இதை வச்சு அமுக்கிக்கிறேன், போ."

எழுத்தாளன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். ஒரு கணம் நின்றான். பிறகு வெளித்தாழ்ப்பாளைப் போட்டான். துருவேறிய தாழ்ப்பாள், கீச்சென்று கத்தியது. உள்ளே அது கேட்டிருக்கும்.

பதிப்பாளர் குடையை வாசல் மூலையில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். தரையில் கால் வைத்ததும் குனிந்து பார்த்தார்.

"என்ன சார் இது, மாவு மில்லு மாதிரி? எழுதறவர் வீட்டுல துடைப்பம் இருக்கக் கூடாதா?"

எழுத்தாளன் பார்த்தான். கூடத்துத் தரை முழுக்க மெல்லிய வெளுப்பு. அதில் அவனுடைய காலடிகள் பின்னறைக் கதவுவரை போய்த் திரும்பியிருந்தன.

"சுண்ணாம்பு உதிருது, மழையில்ல," என்றான்.

புதிய பதிப்பு வருகிறது. அதற்காக அவன் கடைசி அத்தியாயத்தை, தன் வீட்டில் உட்கார்ந்து, தன் வாயால் படிக்கிற மாதிரி படம் பிடிக்க வேண்டும். பதிப்பாளர் கைபேசியைத் தாங்கியில் பொருத்தினார். "நிதானமா படிங்க. தொண்டை அடைச்சா அடைக்கட்டும், நிறுத்திடாதீங்க. அதான் சார் வேணும்."

கதவுக்குப் பின்னால் அமுங்கிய ஓர் இருமல்.

"உள்ள யாரு?"

அந்த ஒரு வரி நாக்கு நுனிவரை வந்தது. எங்கண்ணன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பின்னட்டை, மேடைகள், கையைப் பிடித்து அழுத அந்த அம்மாள்.

"யாரும் இல்ல. பக்கத்து வீடு."

பதிப்பாளர் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு தலையாட்டினார். எழுத்தாளன் புத்தகத்தைப் பிரித்தான். தாள்களுக்கு நடுவிலிருந்து கொஞ்சம் தூள் மடியில் கொட்டியது. தட்டிவிட்டுப் படிக்கத் தொடங்கினான்.

தூள் தொட்டியின் வாய் திறந்துகொள்ளும் இடத்தை அவன் படித்தபோது, பின்னறையில் ஒரு சத்தம் தொடங்கியது. மழைச் சத்தம் இல்லை. மழை கூரையில் தடதடத்தது. இது அதற்கு அடியில், மெலிதாக, இடைவிடாமல், மூட்டையின் தையல் பிரிந்து பொடி ஒழுகுகிற மாதிரி சரசரத்தது.

தூள் அண்ணனின் முழங்காலைத் தொட்டது என்று படித்தான். கதவின் அடியில் ஒரு தட்டல்.

பதிப்பாளரைப் பார்த்தான். அவர் கண் கைபேசியில் இருந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இடுப்பு என்று படித்தான். தட்டல் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் அதிர்ந்தது.

நிறுத்தியிருக்கலாம். புத்தகத்தை வீசிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் அவன் குரல் நடுங்கிற்று, சரியான இடத்தில் உடைந்தது. இதுவரை எந்த மேடையிலும் இவ்வளவு நன்றாக அவன் படித்ததில்லை. அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்துதான் அடுத்த வரிக்குப் போனான்.

மார்பு.

தட்டல் மேலே ஏறி, தளர்ந்து, விட்டு விட்டு வந்தது.

"சின்னவனே."

பெரியவன் குரல். மெதுவாக, கெஞ்சாமல், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. அந்த வரியை அவன் இன்னும் படிக்கவில்லை. அது பக்கத்தின் அடியில் இருந்தது. கண்ணை அங்கே ஓட்டினான். படித்தான். சின்னவனே என்று கூப்பிட வாயைத் திறந்தான், வார்த்தைக்குப் பதில் தூள்தான் வந்தது என்று படித்தான்.

சரசரப்பு நின்றது. தட்டல் நின்றது. மழை மட்டும்.

பிறகு தம்பி தோண்டுகிற பக்கம். வெறுங்கை. பிய்ந்த நகம். அதையும் கடைசி முற்றுப்புள்ளிவரை படித்து முடித்தான்.

பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "சார், கொன்னுட்டீங்க," என்றார். கையைக் குலுக்கிவிட்டு, கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டு, படத்தைக் காரிலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று அவசரமாக இறங்கிப் போனார்.

எழுத்தாளன் பின்னறைக் கதவுக்கு முன்னால் நின்றான்.

"அண்ணே."

தாழ்ப்பாளைத் தொட்டான். சூடாக இருந்தது. இழுத்துவிட்டுக் கதவைத் தள்ளினான். ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து, நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஏதோ நிறைந்து கிடந்தது. நிறைத்த சாக்கு மூட்டைமேல் சாய்ந்தாற்போல் கதவு மெத்தென்று திரும்பி வந்தது.

இடுக்கில் கண்ணை வைத்தான்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. கட்டில் இல்லை. சுவர் பாதிக்குமேல் மூடியிருந்தது. அறை முழுக்கக் கல்தூள், சன்னல் கம்பிவரை வெளுப்பாக, அப்போதுதான் அரைத்த சூட்டில் ஆவி விட்டபடி. உச்சியில் தலையணையின் ஒரு மூலை. அதன் பக்கத்தில் விரல்கள்.

விரல்கள் அசைந்தன.

இடுக்கில் கையை விட்டான். தோள்வரை விட்டான். ஒரு பிடி அள்ளினான். அள்ளிய இடத்தில் இன்னொரு பிடி சரிந்தது. நகம் வலித்தது. ஒரே ஒரு பிடிதான். அதற்குள் வலித்தது.

வாசலில் மணி அடித்தது.

"சார்! சார், நான்தான்."

விரல்களைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். விரல்கள் மடங்கி, விரிந்து, மறுபடியும் மடங்கின. கூப்பிடுகிற மாதிரி.

கையை வெளியே இழுத்தான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போட்டான். இந்த முறை அது சத்தமே போடவில்லை.

கையைக் கால்சட்டையில் துடைத்தபடி போய் வாசலைத் திறந்தான். பதிப்பாளர் நனைந்துபோய் நின்றிருந்தார்.

"குடையை விட்டுட்டேன். அப்புறம் சார்..." கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. "இதுல ஒரு குரல் விழுந்திருக்கு. சின்னவனேன்னு. நீங்க படிக்கறதுக்கு முன்னாடியே. உள்ள யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்ல.

சொல்லத்தான் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பதிப்பாளர் அவன் வாயையே பார்த்தார். பிறகு அவன் புருவத்தைப் பார்த்தார். ஒரு படி பின்னால் இறங்கினார். இன்னொரு படி. மழையில் நின்றார்.

கீழ் உதட்டில் ஏதோ சூடாக ஊர்ந்தது. தாடையில் வழிந்தது. சட்டையில் விழுந்தது. மெலிதாக, வெளுப்பாக, அறாமல், தையல் பிரிந்த மூட்டையிலிருந்து ஒழுகுகிற மாதிரி.

வாயை மூடப் பார்த்தான். மூட வரவில்லை.

யாரும் இல்ல, யாரும் இல்ல என்று நாக்கு உள்ளே புரண்டது. புரளப் புரள, வாசல்படியில், ஈரத்தின்மேல், காய்ந்த தூள் குவிந்துகொண்டே இருந்தது.