பழைய தேக்குக் கட்டில்

ருக்சானா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, படுக்கையறையில் யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. கனத்த உடம்பு ஒன்று சிரமப்பட்டு ஒருக்களிக்கப் பார்ப்பது போல மரம் மெல்ல முனகியது, பாதியில் நின்றது, பிறகு முடியாமல் பழைய இடத்துக்கே திரும்பியது. அவள் கத்தியை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். மதியத்து லுஹர் தொழுகை முடிந்து தெரு அடங்கிக் கிடந்த நேரம். அவள் கணவன் நவ்ஷாத் சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். சீசன் நேரத்தில் பொழுது சாய்ந்துதான் விருதுநகருக்குத் திரும்புவான். வீட்டில் வேறு யாரும் கிடையாது.

போய்ப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது. காலையில் அவள் இழுத்துச் செருகிய விரிப்பில், சுவரோரமாக மட்டும் ஒரு பள்ளம்.

அந்தக் கட்டில் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்கு முன்னால் இருந்தது நவ்ஷாத் ஆன்லைனில் வாங்கியது. துண்டு துண்டாக அட்டைப்பெட்டிகளில் வந்ததை, படம் போட்ட தாளைப் பார்த்துப் பார்த்து, கூடவே வந்த வளைந்த கம்பியால் அவனே திருகி மாட்டினான். மேலே தேக்கு நிறத்தில் ஒட்டிய காகிதம், உள்ளே மரத்தூளைப் பசை போட்டு அமுக்கிய பலகை. போன வருஷ ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏற, பலகை நனைந்த ரொட்டி மாதிரி ஊதியது. திருகாணிகள் பிடிமானம் இல்லாமல் ஆடின. பெருநாளைக்கு வந்த மாமி பைரோஜா அதில் உட்கார்ந்ததுமே நடுவில் முறிந்து, மனுஷி தரையில் போய் விழுந்தாள். ருக்சானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒங்க மகன் மரக்கட்டில்னு சொல்லி மரத்தூள வாங்கிட்டு வந்திருக்காக மாமி" என்றாள், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும்.

நவ்ஷாத்தின் முகம் கறுத்தது. அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசியதெல்லாம் அந்தக் கறுத்த முகத்தோடுதான்.

"நீயே போயி ஒனக்குப் பிடிச்சத எடுத்துக்க. நான் எதுக்கும் வரல."

அவளும் விடவில்லை. சாத்தூர் ரோட்டில் பழைய மரச்சாமான் விற்கும் அய்யாதுரையின் கொட்டகைக்குத் தனியாகப் போனாள். அடுக்கிக் கிடந்த நிலைகளுக்கும் கதவுகளுக்கும் பின்னால், வேறு எதன் மீதும் சாயாமல், தனியாக நின்றது அந்தக் கட்டில். கடைந்த கால்கள். கை அகலத்துக்குச் சட்டங்கள். விரல் முட்டியால் தட்டினால் சத்தம் வெளியே வராமல் உள்ளேயே அமுங்கியது.

"பர்மா தேக்கு தங்கச்சி. ஒரு ஆணி கெடையாது, பூராம் ஆப்புதான். ஒங்க பேரப்பிள்ளைக காலத்துக்கும் அசையாது" என்றார் அய்யாதுரை.

"யாரு வீட்டுக் கட்டில் அண்ணாச்சி?"

"இடிச்ச வீடும்மா. அச்சங்குளம் பக்கம்." சொல்லிவிட்டு அவர் வேறு யாரையோ கூப்பிடுவது போல வெளியே போனார்.

சுமந்து வந்த ஆட்கள் கட்டிலை ஒருக்களித்து, அறை வாசலில் உரசி உரசி உள்ளே ஏற்றினார்கள். இறக்கி வைத்த கையோடு ஒருவன் வாசலுக்குப் போய், மண்ணை அள்ளி உள்ளங்கையை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டது அவள் கண்ணில் பட்டது. எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் வந்தது வாசம்தான். நெருப்பில் வாட்டிய வாழையிலையின் வாசம். பந்தி வீட்டில் அது பசியைக் கிளப்பும். இங்கே அதன் அடியில் இனிப்பாக, கொழுப்பாக இன்னொன்று கலந்திருந்தது, சாம்பிராணி போட்டாலும் போகாமல், துவைத்துக் காயவைத்த துணியிலும் முடியிலும் ஏறிக்கொண்டு. பிறகு விரிப்பு. சுவரோரப் பக்கத்தை மாற்றப் போனால் துணி லேசில் வராது. பிடித்து இழுத்தால், காயத்தோடு ஒட்டிய கட்டுத்துணியை உரிப்பது போல ஒரு சத்தத்தோடு வரும். அடியில் வெளிறிய மஞ்சளில் ஈரம்.

"வேர்வை" என்றான் நவ்ஷாத். "கரண்டு இல்லாத ஊர்ல வேற என்ன இருக்கும்?"

ஆனால் மறுநாளே அவன் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான்.

"எனக்கு அதுல ஒறக்கம் வரல. நீ ஆசப்பட்டது. நீயே படு."

தோற்றதாக ஒப்புக்கொள்ள மனமில்லாமல் அவள் அதன் வெளி ஓரத்தில், விழுந்துவிடாமல் சட்டத்தைப் பிடித்தபடி படுத்து வந்தாள். சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டியதில்லை.

இப்போது, நடுப்பகலில், அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையை நீட்டித் தொட்டாள். காய்ச்சல்காரர் எழுந்துபோன இடம் போலச் சுட்டது.

புர்காவை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து அய்யாதுரையிடம் போனாள். அவளைக் கண்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அந்த வீட்டு மருமகம்மா" என்றார். "வீட்டுக்குள்ளயே வச்சுக் கள்ளத்தனமா வெடி சுத்தியிருக்காக. வெடிமருந்து பத்தி அவ மேல பிடிச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரியில இனி ஆகாதுன்னு அனுப்பிட்டாக. வாளையெலயப் பரப்பி இதுலதான் கெடத்துனாகளாம். முதுகு பூராம் வெந்துபோச்சு, அவளாப் பொரளவும் முடியாது. கொஞ்சம் திருப்பிப் போடுங்க, கொஞ்சம் திருப்பிப் போடுங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே கெடந்திருக்கா."

"திருப்பிப் போட்டாகளா?"

அய்யாதுரை ரோட்டைப் பார்த்தார்.

"கட்டில நீங்களே எடுத்துக்கோங்க அண்ணாச்சி. எனக்கு எதுவும் திருப்பித் தர வேணாம்."

"வித்தத உள்ள ஏத்த மாட்டேன் தாயி. அது இங்கன கெடந்த வரைக்கும் எம்பொண்டாட்டி இந்தக் கொட்டகையில கால் வைக்கல. ஒடச்சு எரிங்க, என்னத்தையும் செய்ங்க. என்னைய விட்ருங்க."

வீடு திரும்பும்போது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. ஆட்டோவிலிருந்தே நவ்ஷாத்துக்குப் போன் போட்டாள். பின்னால் அச்சு மிஷின் ஓடும் இரைச்சல்.

"மச்சான், ஆளுகளக் கூட்டிட்டு வாங்க. அந்தக் கட்டில இப்பவே வெளிய எடுத்துறணும்."

"ஏன்? அதுவும் மரத்தூளா?" என்றான் அவன். சிரித்தான். வைத்துவிட்டான்.

வீட்டில் கரண்டு இல்லை. படுக்கையறைக் கதவு திறந்தே கிடந்தது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் கட்டில் கால் வரைக்கும் வந்து நின்றிருக்க, அதற்கு மேல் எல்லாம் மங்கல். வாசம் இப்போது வாசலைத் தாண்டிக் கூடத்துக்கே வந்திருந்தது. புர்காவைக் கழற்றிப் போட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் உள்ளே போனாள். முழுக் கட்டிலை அவளால் நகர்த்த முடியாது. பழைய அட்டைக் கட்டிலாக இருந்தால் திருகாணியைக் கழற்றி மூலையில் சாத்தியிருக்கலாம். இதில் எங்கே தொடங்கிக் கழற்றுவது என்றே தெரியவில்லை. மெத்தையையாவது இழுத்துப் போட்டுவிட்டு, அவன் வரும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது.

மெத்தையின் வெளி ஓரம் சுலபமாக எழும்பியது. சுவரோரம் வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். உரியும் சத்தம். மெத்தை பாதி மடங்கி நின்றது. அடியில் பலகை தெரிந்தது. தேக்கின் நிறத்துக்கு நடுவே, கறுத்து, எண்ணெய் மினுங்க, ஒரு தடம். தோள். இடுப்பு. சற்றே விலகிய கால்கள். மரத்துக்குள் அது ஊறி இறங்கியிருந்தது.

எட்டி மறுமுனையைப் பிடிக்க, ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றினாள்.

சூடு.

எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. கையை ஊன்றினாள். கையும் வரவில்லை. உள்ளங்கைக்கு அடியில் மரம் மரமாக இல்லை. மெத்தென்று, ஈரமாக, துடித்துக்கொண்டிருந்தது. வெறிபிடித்தவள் போல இழுத்தாள். தோல் கிழிந்தது. கையும் முழங்காலும் விடுபட்ட வேகத்தில் நிலை தடுமாறி, திரும்பி, மல்லாக்க விழுந்தாள்.

அந்தத் தடத்துக்குள்.

தோள் பொருந்தியது. இடுப்பு பொருந்தியது.

முதுகில் நெருப்பு. கத்தினாள். தெருவில் ஒரு பைக் போனது. பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் பிடித்தார்கள். கத்தினாள். தொண்டையிலிருந்து மூச்சுதான் வந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. விரலை அசைக்க முடிந்தது. அவ்வளவுதான். கூரையில் நின்றுபோன மின்விசிறி. பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு சொன்னார்கள். ஜன்னல் இருண்டது. தோல் எது, பலகை எது என்று பிரித்தறிய முடியாமல் போனது.

கரண்டு வந்தது. கூடத்தில் விளக்கு எரிந்தது. பைக் நிற்கும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம்.

"ருக்சானா?"

அல்லாஹ், வந்துவிட்டான். வந்துவிட்டான். உடம்பில் மிச்சமிருந்த அத்தனையையும் திரட்டினாள்.

நவ்ஷாத் வாசலில் வந்து நின்றான். கூடத்து வெளிச்சம் அவன் பின்னால் இருந்தாலும் முகம் தெரிந்தது. கட்டிலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தலையிலிருந்து கால் வரைக்கும், அவசரமில்லாமல்.

"மச்சான்..." ஆளைக் கூப்பிடுங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வாய் வேறொன்றைச் சொன்னது. "கொஞ்சம் திருப்பிப் போடுங்க."

அவன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். மூக்கைப் பொத்தினான்.

கதவை, சத்தம் வராமல், மெல்ல இழுத்துச் சாத்தினான். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

அடுப்படியில் தட்டு எடுக்கும் சத்தம். பானை மூடி. பிறகு அவன் போனில் பேசுவது, எப்போதும் போல, ஆறுதலான குரலில்.

"சாப்பிட்டீகளாம்மா?... ஆமா, இப்பத்தான் வந்தேன்... அவளா? ஒண்ணுமில்ல, படுத்திருக்கா... வேணாம், நீங்க ஒண்ணும் வர வேணாம்."

"திருப்பிப் போடுங்க" என்றது அவள் வாய். "கொஞ்சம் திருப்பிப் போடுங்க."

காலடிகள் கதவருகே வந்து நின்றன. அவன் குனிவது கேட்டது. கதவுக்கு அடியில் அந்த அறைக்கு மிச்சமிருந்த ஒரே வெளிச்சக் கீற்றை, நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்று, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், விரல் விரலாக அழுத்தி அடைத்துக்கொண்டே வந்தது.