கேட்கிற ஸ்பீக்கர்

பாட்டரியை எடுத்த பிறகும் கோன் உள்ளே போகவில்லை.

ஜேக்கப் குனிந்து பார்த்தான். ஸ்பீக்கர் பழுதுபார்க்கிற எவனும் முதலில் செய்கிற சோதனைதான். டார்ச் லைட் பாட்டரியில் ஒயரைத் தொட்டால் காகிதக் கோன் 'டப்' என்று வெளியே துள்ளும். எடுத்தால் அதே வேகத்தில் உள்ளே அமுங்கும். மேஜைமேல் கிடந்த பழைய ஸ்பீக்கரும் துள்ளத்தான் செய்தது. ஆனால் துள்ளிய இடத்திலேயே நின்றது, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்ட நெஞ்சைப்போல. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அமுங்கியது.

"சனியன், பசை இறுகிப்போயிருக்கும்" என்று திட்டிவிட்டுப் பாட்டரியை மேஜையில் வீசினான்.

நின்று யோசிக்கிற மனநிலையில் அவன் இல்லை. காலையில் சுயம்பு வந்துவிட்டுப் போனதிலிருந்து நெற்றிப் பொட்டில் ஒரு நரம்பு அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஆள் எப்படி வந்தான் இந்தக் கடைக்கு? எந்த முகத்தோடு வந்தான்?

தண்டையார்பேட்டையில், துறைமுகக் கிடங்குகளின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்த தகரக் கூரைக் கடை அது. கிடார் வாசிக்கிற பையன்களுக்கு ஆம்ப்ளிஃபயர், வசதியானவர்கள் வீட்டுக்கு ஹைஃபை பெட்டி. இரண்டுமே ஜேக்கப் செய்தால்தான் சரியாக இருக்கும் என்று ராயபுரம் முதல் எண்ணூர் வரை பேச்சு. அதனால்தான் சுயம்புவும் வந்தான். மணலிப் பக்கத்து ரசாயன ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். திருவொற்றியூரில் புதிதாக வீடு கட்டியிருக்கிறான். பவழமோதிரம் போட்ட கையில் இரண்டு ஸ்பீக்கர். ஒன்று கப்பலில் வந்த புதுசு. மற்றது கனமான காந்தம் வைத்த பழசு.

"ஏ ஜேக்கப்பு, ரெண்டையும் போட்டுப் பாருடே. எது நல்லாப் பாடுதோ அதைப் பெட்டியில மாட்டு. பழசு ஆலைக் கழிவுல கெடந்துச்சு. சாயங்காலம் வாரேன், என்ன?"

வால்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன வருஷம் அதே ஆலையின் அடிக்குழி அறையில் வாயு கசிந்து செத்துப்போன வால்டர். ஜேக்கப்பின் தம்பி. சவப்பெட்டிக்கு மாலை போட வந்த இதே சுயம்பு, மாதா கோயில் வாசலில் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "அறையில பேசுறதுக்கு ஸ்பீக்கர் வச்சிருக்கு. பட்டனை அமுக்குனா என் கேபின்ல கேக்கும். அவன் ஒரு சத்தம் குடுக்கலையே! குடிச்சுப்போட்டு உறங்கிட்டான். நாங்க என்ன செய்ய?"

ஜேக்கப் காலையிலேயே சுயம்புவின் சட்டையைப் பிடித்து மழையில் தள்ளியிருப்பான். கையும் ஓங்கிவிட்டது. அப்போதுதான் பழைய ஸ்பீக்கரின் விளிம்பைப் பார்த்தான்.

விளிம்புப் பசையில் ஒரு கட்டைவிரல் பதிவு. நடுவே குறுக்காக ஒரு வெட்டு.

கோன் ஒட்டி முடித்ததும் ஈரப் பசையில் கட்டைவிரலை ஓர் அழுத்து அழுத்துவது அண்ணன் தம்பி இருவரின் பழக்கம். யார் ஒட்டியது என்று பிறகு சண்டை வராது. காசிமேட்டில் தூண்டில் முள் கிழித்த வால்டரின் விரலை ஜேக்கப்புக்குத் தெரியாதா? அடிக்குழி அறையின் இயந்திர இரைச்சலுக்குச் சின்ன ஸ்பீக்கர் எடுபடாது என்று, பழைய சினிமாக் கொட்டகை ஸ்பீக்கர் ஒன்றுக்குப் புதுக் கோன் ஒட்டி அங்கே மாட்டினதாக வால்டரே சொல்லியிருந்தான். பேசவும் அதுதான், கேட்கவும் அதுதான்.

"வச்சிட்டுப் போங்க சார்" என்றான் ஜேக்கப். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

மதியத்துக்கு மேல் மழை வலுத்தது. தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுகிற சத்தம். கிடங்குகளிலிருந்து வந்த நனைந்த சாக்கு வாடையும், சாக்கடையில் மிதந்துவந்த மீன் வாடையும், சூடேறிய சால்டரிங் குச்சியின் பிசின் புகையும் ஒன்றாகக் கலந்து கடைக்குள் சுற்றின. புதிய ஸ்பீக்கரில் கிடாரைச் சொருகி வாசித்துப் பார்த்தான். அடித்த நரம்பு அடித்தபடி வந்தது, கழுவித் துடைத்த மாதிரி. கீழ் ஸ்வரம் ஆழம். மேல் ஸ்வரம் கண்ணாடி. ஹைஃபை பெட்டிக்கு அதுதான் வேண்டும், தன் குரலைச் சேர்க்காத ஊமை. கிடாருக்கு அப்படியில்லை. வாயாடி வேண்டும். பழையதில் வாசித்தபோது அதே நரம்பு கொழுத்து, கொஞ்சம் கரகரத்து, நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து பேசியது. கையை எடுத்த பிறகும் அதன் வால் ஒன்று அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. எச்சிலை விழுங்குகிற சத்தம் போல ஏதோ ஒன்று.

"டீ, மாமா."

ஜேக்கப் துள்ளி எழுந்தான். ஐரீன். வால்டரின் மனைவி. கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள், முக்காடு போட்டிருந்தாள்.

"அந்தாளு சாமானா இது?"

"ஆமா."

"தூக்கி ரோட்ல எறியாம இன்னாத்துக்கு வாசிச்சிகினு கீறே?"

"வேலை கீது, போ."

அவள் போகவில்லை. டம்ளரை மேஜையில் நங்கென்று வைத்தாள். "குழாயடில இன்னைக்கும் ஒருத்தி கேக்கறா, உம் புருசன் அவ்ளோ குடிப்பானான்னு. இன்னா பதில் சொல்றது நானு? அதைக்கூட வுடு மாமா. சாவப்போற நேரத்துல என்னை ஒரு தபா கூப்புடணும்னு தோணலியா அந்த மனுசனுக்கு? ஒரே தபா ஐரீனுன்னு கூப்ட்டுட்டுச் செத்திருந்தா, நான் நிம்மதியாக் கெடப்பேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் நடந்தாள்.

மிச்சமிருந்தது கடைசிச் சோதனை. ஜேக்கப் மட்டும் செய்கிற முறை அது. இரண்டு ஸ்பீக்கரையும் முகத்துக்கு முகம் நிறுத்துவான். ஒன்று பாடும், மற்றது கேட்கும். கேட்கிற ஸ்பீக்கரின் ஒயரைச் சின்ன ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, மூர்மார்க்கெட்டில் வாங்கிய பட்டாளத்து ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொள்வான். எதில் கள்ளக் குரல் இருந்தாலும் பிடிபட்டுவிடும்.

முதலில் புதியதைக் கேட்கவிட்டான். கிடார் கேட்டது. கூரை மழை கேட்டது. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி கேட்டது. எல்லாம் சரி.

பிறகு பழையதைக் கேட்கவிட்டான்.

கிடார் கேட்டது. நிறுத்தினான்.

மழை கேட்கவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றினான். கூரை உடைகிற மாதிரி மழை. மாட்டினான். மழையே இல்லை. ஓர் இரும்பு அறையின் அமைதி. எங்கோ சொட்டுகிற நீர். அதன் எதிரொலி. ஒயரை ஆட்டினான், திருகை இறுக்கினான், கெட்ட வார்த்தையில் திட்டினான். நீர் சொட்டியது. அப்புறம் மூச்சு. இழுத்து, தொண்டையில் சிக்கி, மீண்டும் இழுக்கிற மூச்சு. கடைக்குள் கண்ணை எரிக்கிற ஒரு நெடி பரவியது, பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்தது போல.

இரும்புக் கதவில் ஸ்பானரால் அடிக்கிற சத்தம்.

"சார்... கதவத் தொறங்க சார்... கண்ணு தெரியல..."

வால்டர்.

ஜேக்கப் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"சார்! கேக்குதா சார்?"

பதில் வந்தது. தகரக் குழாய் வழியாக வருகிற மாதிரி, தெளிவாக, சலிப்பாக.

"ஏலே, செத்த நேரம் சத்தம் போடாம கெட. டில்லியிலேர்ந்து பெரிய ஆளுங்க வந்திருக்காவ. அவங்க போவட்டும், தொறக்கச் சொல்லுதேன்."

டக். ஸ்விட்சை அணைக்கிற ஓசை. அணைத்த பிறகும் இந்தப் பக்கத்தில் ஸ்பானர் அடித்துக்கொண்டே இருந்தது.

ஜேக்கப் ஹெட்ஃபோனைப் பிய்த்து எறிந்தான். பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, கோபம் ஏறியது. கூப்பிட்டிருக்கிறான். தம்பி கூப்பிட்டிருக்கிறான். ஒருத்தன் அதைக் கேட்டுக்கொண்டே ஸ்விட்சை அணைத்திருக்கிறான்.

பழைய ஸ்பீக்கரைச் சின்ன ஆம்ப்ளிஃபயரில் அப்படியே விட்டான். ஹெட்ஃபோன் இருந்த இடத்தில் புதிய ஸ்பீக்கரை மாட்டினான். காத்திருந்தான்.

கோயில் மணி அடித்து அடங்கியபோது சுயம்பு வந்தான். குடையை உதறினான். செருப்பை வாசலில் கழற்றினான். சிரித்தான்.

"என்னடே, எது ஜெயிச்சுது?"

"நீங்களே கேளுங்க சார். இப்டி வந்து ஒக்காருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டான். குமிழை முழுக்கத் திருப்பினான்.

நீர் சொட்டியது. மூச்சு. ஸ்பானர். 'சார், கதவத் தொறங்க சார்.'

சுயம்புவின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது. 'ஏலே, செத்த நேரம் சத்தம் போடாம கெட' என்று அவன் குரலே கடை முழுக்க ஒலித்தபோது ஸ்டூல் சாய்ந்தது.

"எவம்லே இதை டேப் எடுத்தது?"

"டேப் இல்ல சார்."

"அணைடே! அணைன்னு சொல்லுதேன்ல!"

அந்த நொடியில் கரண்ட் போனது. தெருவே இருண்டது. ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் சிவந்து, மங்கி, செத்தன.

ஸ்பானர் மட்டும் நிற்கவில்லை.

பிறகு நின்றது.

"யாரு அது?" என்றது வால்டரின் குரல். மிக அருகில். "சார் கொரல் மாதிரி கீது... சார், வந்துட்டீங்களா?"

சுயம்பு வாசலுக்குப் பாய்ந்தான். ஜேக்கப் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அவ்வளவு பலம் தனக்கு இருப்பது அவனுக்கே அதுவரை தெரியாது. உள்ளே எதுவோ உருண்டு விழுந்தது. வெளியே குதித்து ஷட்டரை இழுத்து இறக்கினான். பூட்டினான்.

"செத்த நேரம் சத்தம் போடாம கெடங்க சார்!" கத்தினான். மழை வாயில் புகுந்தது. "சத்தம் போடாம கெடங்க!"

உள்ளிருந்து ஷட்டர் அதிர்ந்தது. உள்ளங்கை. முட்டி. தோள். "ஜேக்கப்பு! தொறடே! யாரோ நிக்கான்டே இங்க!"

கொஞ்ச நேரம். பயந்து சாகட்டும். கொஞ்ச நேரம் மட்டும்.

"மாமா!" ஐரீன், குடையோடு ஓடிவந்தாள். "இன்னா மாமா பண்றே? உள்ள யாரு?"

"கூப்ட்டான் ஐரீன்!" ஷட்டரில் முதுகைச் சாத்தி நின்றான். "வால்டர் கூப்ட்டான். குடிக்கல, தூங்கல. தொறன்னு கெஞ்சிகினே இருந்தான். இந்த நாயி கேட்டுகினே ஸ்விட்ச்ச அணைச்சிட்டான்."

அவள் குடை கீழே விழுந்தது.

ஷட்டரில் அடித்த அடி இப்போது மாறியிருந்தது. தகரத்தின் சத்தம் இல்லை. கனமான இரும்பின் சத்தம். அதுவும் வாசலில் இல்லை. உள்ளே. இன்னும் உள்ளே. ஆழத்தில். நின்றது.

"தொற மாமா" என்றாள் ஐரீன். "நான் கேக்கணும்."

தூக்கினான். நெடி முகத்தில் அறைந்தது. இருட்டு.

"சார்?"

ஜேக்கப் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனான். கடைக்கு வேறு வாசல் இல்லை. பின்னால் கிடங்குச் சுவர். மேஜைமேல் துழாவிப் பாட்டரியை எடுத்து டார்ச்சில் போட்டான். வெளிச்சத்தைச் சுற்றித் திருப்பினான். சாய்ந்த ஸ்டூல். வாசலில் செருப்பு. ஆள் இல்லை.

பழைய ஸ்பீக்கரின் கோன் வெளியே தள்ளி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு.

விளிம்புப் பசையில் வால்டரின் விரல். அதன் பக்கத்தில் இன்னொன்று. புதிதாக. பெரிதாக. ஜேக்கப் தொட்டான். பசை நூலாக நீண்டது. ஈரம். அலமாரியில் பசை டப்பா மூடியபடியே இருந்தது.

"ஐரீன்."

ஜேக்கப் கூப்பிடவில்லை.

அவள் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத சிரிப்பு. "கூப்ட்டாரு மாமா."

"போவாத! ஏய், அது அவன் இல்ல! போவாத!"

"ஐரீன்... வா..."

மண்டியிட்டாள். கோனில் கன்னத்தை வைத்தாள், தூங்குகிறவன் நெஞ்சில் சாய்கிற மாதிரி. கோன் மெல்ல அமுங்கியது. உள்ளே போனது. நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

பாய்ந்தான். கால் ஸ்டூலில் இடறியது. டார்ச் உருண்டது. இருட்டில் ஈரச் சேலையின் சரசரப்பு. பிறகு மழை மட்டும்.

டார்ச்சைப் பொறுக்கித் திருப்பினான்.

காகிதம் எங்கும் கிழியவில்லை. அதன் நடுவிலிருந்து ஐரீனின் பின்னல் நுனி மட்டும் வெளியே நீண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மறுபக்கத்திலிருந்து யாரோ அதை, அவசரமே இல்லாமல், இழுத்துக்கொண்டிருந்தார்கள்.