மூன்றாவது பாய்

கதவைத் திறப்பதற்கு முன்னால் அவன் இரண்டு தடவை குந்தி எழுந்தான்.

ப்ரீத்தி படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பார்த்தாள். கோரைத் தொப்பியை முகம் தெரியாமல் இறக்கிவிட்டிருந்த கதாநாயகன் ஒரு பாழடைந்த வீட்டு வாசலில் நிற்கிறான். குந்துகிறான், எழுகிறான். குந்துகிறான், எழுகிறான். பிறகுதான் கதவைத் தள்ளுகிறான். கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஏழாங்கரை என்ற ஜப்பான் வீடியோ விளையாட்டு வரிசையை அனிமேவாக எடுத்து, சனிக்கிழமை சாயங்காலம்தோறும் ஒரு பகுதியாக விட்டுக்கொண்டிருந்தார்கள். விளையாட்டில் குந்தி எழுவது பெரிய காரியமில்லை, ஒரு பொத்தானை இரண்டு முறை தட்டினால் ஆயிற்று. அவளுடைய தம்பி அரசு எந்தக் கதவுக்கு முன்னாலும் அதைச் செய்யாமல் போகமாட்டான். கேட்டால், "அது ஒரு ராசிக்கா, நீ பேசாம பாரு" என்பான். ஆனால் அனிமே என்பது யாரோ மெனக்கெட்டு உட்கார்ந்து வரைவது. கடலூர் முதுநகரைத் தாண்டி ஒரு குப்பத்தில் இருந்த பையனின் கிறுக்குப் பழக்கம் ஜப்பானில் வரைகிறவருக்கு எப்படித் தெரியும்?

அரசு போய் நாலு மாதம் ஆகியிருந்தது. சாமிக்கண்ணு மாமாவின் ஃபைபர் போட்டில் போனவன், முகத்துவாரத்தில் அது கவிழ்ந்தபோது தண்ணீருக்குள் போனவன்தான். மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவனுடைய உடம்பு கிடைக்கவில்லை.

அவர்கள் குப்பத்தில் கடலுக்குப் போன ஆளுடைய பாயை வீட்டு மூலையில் சுருட்டி நிறுத்தி வைப்பார்கள். அவன் திரும்பி வரும்வரை அதை யாரும் தொடக்கூடாது, அதில் யாரும் படுக்கக்கூடாது. உடம்பு கிடைக்காமல் போனவனுக்கு வைக்கோலில் ஆள் செய்து காரியம் பண்ணி, அந்தப் பாயைக் கடலில் விட்டுவிடுவார்கள். உனக்கு இங்கே இனி இடமில்லை, போய்விடு என்று அர்த்தம். அம்மா தனக்கோடி அதற்குச் சம்மதிக்கவில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் கரையிலேயே கிடந்தாள். இப்படியே விட்டால் அம்மாவும் போய்விடுவாள் என்ற பயத்தில் ப்ரீத்திதான் முன்னே நின்று காரியத்தை நடத்தினாள். அம்மா கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த பாயைப் பிடுங்கி மாமா கையில் கொடுத்ததும் அவள்தான்.

அன்றோடு அம்மா அவளிடம் பேசுவதை நிறுத்தினாள். சிதம்பரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக் கூட்டி வந்தாள் ப்ரீத்தி. தெற்கு வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. கடலே கண்ணில் படாத தெரு, நீலக் கதவு, ஒரே அறை, இரண்டு பாய். அம்மா சமைப்பாள், துணி துவைப்பாள், மகள் உள்ளே வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது ப்ரீத்திக்கு. திட்டினாலும் சரி. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

வீட்டில் பேச ஆளில்லாததால்தான் அவள் ஏழாங்கரையைப் பார்க்க ஆரம்பித்தாள். தம்பியோடு பாதி ராத்திரிகள் விளையாடிய உலகம் அது. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பில் அவன் விளையாடி விட்ட இடம் அப்படியே இருந்தது. லேப்டாப் அவளுடையது என்பதால் அதை அவன் பாயோடு சேர்த்துக் கடலில் விடவில்லை.

அடுத்த வாரம், கோரைத் தொப்பிக்காரன் கடற்கரையில் நடந்தான். பின்னால் ஒரு கலங்கரை விளக்கம். அதற்கடுத்த வாரம் நீளமான ஒரு பாலத்தைக் கடந்தான். கீழே ஆறு கடலோடு சேரும் இடத்தில் படகுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற விதம், கைப்பிடிச் சுவர் உடைந்திருந்த இடம் எல்லாம் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது அவள் பார்த்த வெள்ளாற்றுப் பாலம்தான். கடையில் உடன் வேலை செய்யும் இசைவாணியிடம் காட்டினாள்.

"என்னாடி, எல்லாப் பாலமும் ஒரே மாதிரிதான இருக்கும்?" என்றாள் இசைவாணி. "நீ மொதல்ல நல்லா தூங்கு. கண்ணப் பாரு, குழி விழுந்து கெடக்குது."

அதற்கடுத்த வாரம் மூடுபனிக்குள் நாலு திசையிலும் நாலு கோபுரங்கள் தெரிந்தன. ஆள் மட்டும் மாறிக்கொண்டே வந்தான். ஏழாங்கரைக் கதையில், சாகும் ஒவ்வொரு தடவையும் அவன் மனுஷத்தனத்தில் ஒன்றை இழந்துவிட்டு எழுவான். முதலில் இரக்கம் போனது. பிறகு ஊர் நினைவு. வழியில் தண்ணீர் கேட்ட ஒரு பெண்ணை அவன் காலால் எட்டி உதைத்துவிட்டுப் போனபோது ப்ரீத்திக்குப் புரிந்தது. இவன் யாரையோ பார்க்கப் போகவில்லை. யார் மேலோ இருக்கிற கோபத்தோடு போகிறான்.

எங்கே போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவள் யாரிடமும் சொல்லாதது.

விளையாட்டில் செத்தால் ஆட்டம் முடிவதில்லை. வீடு என்று ஓரிடத்தைக் கட்டிக் குறித்து வைத்தால், செத்தவன் அங்கே வந்து எழுவான். அரசு தங்கள் குப்பத்து வீட்டைப் போலவே ஒன்று கட்டி வைத்திருந்தான். சிதம்பரத்துக்கு வந்த புதிதில் ஒருநாள் அதைத் திறந்து பார்த்து அழுதாள் ப்ரீத்தி. தம்பிக்கு இந்த வீடு தெரியாதே என்ற நினைப்பு. பழையதை இடித்துவிட்டு இந்த வீட்டையே அங்கே கட்டினாள். நீலக் கதவு, முன்னால் வேப்பமரம், வாசலில் ஒரு படி. உள்ளே பார்த்துப் பார்த்து இரண்டு பாய் போட்டாள்.

இரண்டுதான் போட்டாள். வீட்டில் இருந்தது இரண்டு, அவன் பாயைத்தான் கடலில் விட்டாயிற்றே. அவள் மறந்தது ஏழாங்கரையின் ஒரு விதியை. எழுந்து வருகிறவனுக்கு என்று ஒரு பாய் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் ஒருவருடைய பாயில் அவன் படுத்துக்கொள்வான். பாயை இழந்தவர் வெளியே நின்று கொஞ்ச நேரம் கதவைத் தட்டுவார். பிறகு கடலைப் பார்த்து நடந்துவிடுவார். ஒரு முறை விளையாட்டில் வரும் சத்திரத்துக் கிழவி ஒருத்தி அப்படிப் போனதைப் பார்த்து அரசு விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம் எங்கே வீடு கட்டினாலும் ஒரு பாய் கூடுதலாகப் போட்டு வைப்பான்.

கடைசிப் பகுதி வரும் சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. சாயங்காலம் சாமிக்கண்ணு மாமா ஃபோன் பண்ணினார்.

"ஒங்கிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் புள்ள. நாம வுட்ட பாய் அன்னிக்கே கரைக்கு வந்துடுச்சு. நானும் மூணு தடவ கொண்டு போயி ஆழத்துல வுட்டுட்டு வந்தேன். திரும்பத் திரும்ப வந்துச்சு."

"இப்ப எங்க மாமா இருக்குது?"

"அதத்தான் சொல்ல வர்றேன். நேத்துலேந்து அதக் காணும்."

அவள் முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். விளக்கு வைக்கிற நேரம், ஆனால் மேகம் கவிந்து தெருவே மங்கிக் கிடந்தது. கரண்ட் இல்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே அம்மா தன் பாயில் தலையோடு கால் போர்த்திக்கொண்டு, வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த உருவத்தைப் பார்த்ததும்தான் ப்ரீத்திக்கு மூச்சே வந்தது. கதவைத் தாழ் போட்டாள். அறையில் சேற்று வாடையும் மீன் வாடையும் சேர்ந்து அடித்தது. அம்மா கருவாட்டைப் பிரித்து வைத்திருப்பாள். போர்வையின் ஓரம் ஈரமாக இருந்தது. இந்த ஓட்டு வீட்டில் மழைக்கு ஒழுகாத இடம் ஏது?

"அம்மா, காப்பி போடட்டா?"

பதில் இல்லை. அது ஒன்றும் புதிதில்லை.

லேப்டாப்பைத் திறந்து விளையாட்டில் மூன்றாவது பாயைப் போட்டுவிட வேண்டும் என்றுதான் ஓடி வந்திருந்தாள். பொத்தானை அழுத்தினாள். சார்ஜ் சுத்தமாக இல்லை. கரண்ட் வராமல் அது உயிர் பிடிக்காது. ஃபோனில் அனிமேவைத் திறந்தாள். பார்க்காமல் இருக்கத் தைரியம் இல்லை.

மழை பெய்யும் தெரு. வேப்பமரம். வாசலில் ஒரு படி. நீலக் கதவு.

கோரைத் தொப்பிக்காரன் வாசலில் நின்றான். குந்தினான், எழுந்தான். குந்தினான், எழுந்தான். கதவில் கை வைத்தான். அதோடு திரை கறுத்து, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மழையில் நெட் போய்விட்டது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ஃபோனில் இல்லை. அவள் வீட்டுக் கதவில்.

ப்ரீத்தி அசையவில்லை. மறுபடியும் தட்டல். அவசரமில்லாத தட்டல், உரிமையுள்ளவர் தட்டுவதுபோல. வந்தவர் குரல் கொடுக்கவும் இல்லை. தெரிந்தவர்கள் என்றால் கூப்பிட மாட்டார்களா? அவள் எழுந்து போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக் காலை ஊன்றினாள். பலகை வழியாக ஒவ்வொரு தட்டும் அவள் முதுகெலும்பில் இறங்கியது.

எதிரே அம்மா அசையாமல் படுத்திருந்தாள். எழுந்து வந்து திறந்துவிடுவாளோ என்றுதான் ப்ரீத்திக்குப் பயம். மகன் வந்திருக்கிறான் என்றால் அம்மா திறப்பாள். எதுவாக வந்திருந்தாலும் திறப்பாள். தூங்கும்மா. தூங்கு. எழுந்திராதே.

அப்போது வெளியே குரல் கேட்டது.

"ப்ரீத்தி."

அம்மாவின் குரல்.

அம்மா கண்ணெதிரில் கிடக்கிறாள். அந்த வாய் அவள் பெயரைச் சொல்லி மாதக்கணக்காகிறது. வெளியே நிற்பது எதுவோ, அவள் எதற்கு ஏங்குகிறாள் என்று தெரிந்துகொண்டு அதையே எடுத்து வந்திருக்கிறது.

"ப்ரீத்தி, தொறடி. பாய் நனையுது."

"போயிடு!" என்று கத்தினாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "இது ஒன் வீடு இல்ல! ஒனக்குக் காரியம் பண்ணியாச்சு. ஒனக்கு இங்க பாய் கெடையாது. செத்தவங்க செத்தவங்களாவே இருக்கணும். போ!"



கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, ஒரே ஒரு தட்டு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ப்ரீத்தி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. அம்மாவைக் காப்பாற்றியாயிற்று. கையில் ஃபோன் தானாக ஓடத் தொடங்கியது.

நீலக் கதவுக்கு உள்ளே, கோரைத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் படுத்திருந்தான். தலையோடு கால் போர்த்திக்கொண்டு. சுவரைப் பார்த்தபடி. வெளியே மழையில் ஒரு வயதான பெண் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ப்ரீத்தி திரையைப் பார்த்தாள்.

சுவரில் குடை மாட்டும் ஆணியைப் பார்த்தாள். அம்மாவின் குடை இல்லை.

செருப்பு இல்லை.

ஏழாங்கரையில் திரும்பி வந்தவன் கதவைத் தட்டுவதே இல்லை. தட்டுவது பாயை இழந்தவர்.

தாழை எப்படி நீக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வாசற்படியில் பாலிதீன் சுற்றிய ஒரு புதுக் கோரைப்பாய் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தது. கடலுக்குப் போனவனுக்கு நிறுத்தி வைப்பார்களே, அப்படி. அதற்குப் பக்கத்தில் மடக்கிய குடை.

தெருமுனையில் அம்மா நனைந்தபடி நடந்துகொண்டிருந்தாள். கடலுக்குப் போகும் கிள்ளை ரோட்டுப் பக்கம். கிழக்கே.

"அம்மா! அம்மா, நான் சொன்னது ஒன்ன இல்லம்மா!"

அம்மா திரும்பவில்லை. படியை விட்டு இறங்கக் காலைத் தூக்கினாள் ப்ரீத்தி. கால் இறங்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் போர்வை சரிந்தது. முழங்கால் எலும்பு சொடுக்கியது. ஒரு தடவை.

இரண்டாவது தடவை.

பிறகு ஈரக் கால்கள் தரையில் வைத்து வைத்து நடக்கும் சத்தம். மூலைக்குப் போயிற்று. அவளுடைய பாயை எடுத்தது. உதறியது. தன் பாயை ஒட்டி விரித்தது. சுருக்கம் போகக் கையால் நீவிவிட்டு, இங்கே வா என்று கூப்பிடுவதுபோல, அதன்மேல் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது.