குறை தீர்க்கப்பட்டது

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் தண்ணீர் சொட்டும் சத்தம் நிற்கவில்லை.

அதுவரை அது விளையாட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று அவள் நினைத்திருந்தாள். காலையில் அந்தச் சத்தம் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தபோது, திரையில் தெரிந்த இருண்ட வீட்டின் ஏதோ ஒரு மூலையில் சொட்டத் தொடங்கியிருந்தது. பரவாயில்லையே, நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டாள். இப்போது ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

எழுந்து போய்ப் பார்த்தாள். சமையலறைக் குழாய் இறுக மூடியிருந்தது, தொட்டி காய்ந்து கிடந்தது. குளியலறையில் வாளி கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. வெளியே மழை பிடித்திருந்தாலும் இது மழைச் சத்தம் இல்லை. மழை எங்கும் விழும், இது ஒரே இடத்தில் விழுந்தது. எந்த இடம் என்பதுதான் பிடிபடவில்லை. சமையலறையில் நின்றால் குளியலறையில் கேட்டது, குளியலறைக்குப் போனால் கூடத்தில் கேட்டது. மேல்வீட்டில் ஏதோ ஒழுகுகிறது, சாயங்காலம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள்.

குறை சொல்வதுதான் அவளுக்குப் பிழைப்பு. கணினி விளையாட்டுகளை அவை வெளியாவதற்கு முன்பே விளையாடிப் பார்த்து, இது நிறை, இது குறை என்று ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறாள். கணவன் அவளுக்கு வைத்த பெயர் நொட்டைக்காரி. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் அவன் ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்ப்பான், இவள் சுவரில் விரிசல் தேடுவாள். இந்த மூன்றாம் மாடி வீட்டில் தலைகீழாக நின்று தேடியும் ஒன்றும் அகப்படவில்லை, அதனால்தான் குடிவந்தார்கள். அவனுக்கு வெளியூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். மற்ற நாட்களில் அவளும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் மட்டும்தான்.

இந்த முறை வந்திருந்தது திகில் விளையாட்டு. யாரோ புது ஆட்கள் செய்தது, பெயர்கூடப் போடவில்லை. விளையாடுகிறவரின் கண் வழியாகவே எல்லாம் தெரியும். ஒரு வீடு, ஒன்றுக்குள் ஒன்றாக அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு புதிரை அவிழ்த்தால்தான் அடுத்த கதவு திறக்கும். பேய் எதுவும் குதித்து வந்து பல்லைக் காட்டுவதில்லை. திரையின் கீழ்விளிம்பில் இரண்டு கைகள் மட்டும் தெரியும், சாவியை எடுக்க, கதவைத் தள்ள. நீளமான, வெளிறிய கைகள். வெகுநேரம் தண்ணீரில் ஊறியவைபோல விரல்நுனிகள் சுருங்கி, எந்நேரமும் ஈரமாக இருந்தன. அவை யாருடையவை என்று கதையில் எங்குமே சொல்லவில்லை.

விமர்சகர்கள் கருத்து எழுத விளையாட்டுக்குள்ளேயே ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். நிறையில் அவள் தாராளமாகவே எழுதியிருந்தாள். கைகள் யாருடையவை என்று சொல்லாமல் விட்டது நிறை. புதிர்கள் ஏமாற்றாமல் நியாயமாக இருப்பது நிறை. எத்தனை கதவைத் திறந்தாலும் இன்னோர் அறைதான், முடிவு என்று ஒன்று கிடையாது, அது உறைப்பதற்குள் நாம் வெகுதூரம் உள்ளே போயிருப்போம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய நிறை.

குறைக்குத்தான் பஞ்சமாக இருந்தது. காலையில் ஒன்று எழுதினாள்: வீடு அளவுக்கு மீறி அமைதியாக இருக்கிறது, சத்தம் போதாது. சாப்பிடப் போகும்முன் இன்னொன்று: வாசல் கதவைத் திறந்து எப்போது வேண்டுமானாலும் விளையாட்டை விட்டு வெளியேறிவிடலாம், அதனால் மாட்டிக்கொண்டோம் என்ற உணர்வு வரவில்லை. இரண்டுக்கும் திரையின் மூலையில் உடனே சின்ன எழுத்தில் பதில் வந்தது. 'குறை தீர்க்கப்பட்டது.' எத்தனை அலுவலகத்தில் எத்தனை மனு கொடுத்திருக்கிறோம், ஒருவனாவது இவ்வளவு சுருக்காகப் பதில் சொல்லியிருப்பானா என்று சிரித்துக்கொண்டாள்.

பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார். அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். நிறை எத்தனையோ குறையும் அத்தனை இருந்தாக வேண்டும் அவருக்கு.

"என்னம்மா, குறையில ரெண்டுதான் இருக்கு?"

"இருக்கிறதே அவ்வளவுதான் சார். நல்லா பண்ணியிருக்காங்க."

"நீயே நல்லா இருக்குன்னு சொன்னா எவன் நம்புவான்? மூணுக்கு மூணு. ஏதாவது ஒண்ணு போட்டு அனுப்பிவிடு."

இல்லாத குறையை இட்டுக்கட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. பெரிதாக யோசிக்கவும் இல்லை. 'விளையாடுகிறவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. தனக்குச் சொந்தமான எதையாவது பறிகொடுத்துவிடுவோம் என்ற பயம் இருந்தால்தான் கை நடுங்கும்' என்று தட்டி அனுப்பிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாட்டைத் தொடர்ந்தாள்.

இந்த முறை பதில் உடனே வரவில்லை. அதோடு, கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்து கைகள் காணாமல் போயின. விசையை அழுத்தினால் அறை நகர்ந்தது, கதவருகே போனாள், தள்ளுவதற்குக் கை இல்லை. சொட்டும் சத்தமும் இல்லை. இது குறைதானே, எழுதிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே சத்தம் திரும்பி வந்தது. முன்னைவிடக் கிட்டத்தில் கேட்டது.

'குறை தீர்க்கப்பட்டது.'

ஹெட்போனைக் கழற்றினாள். மழையில் ஜன்னல் இருட்டிக்கொண்டு வந்திருந்தது. மகள் வரும் நேரம் தாண்டிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் கிளம்பும்போது மகள் நீலப் பேனாவால் மணிக்கட்டில் கடிகாரம் வரைந்துகொண்டிருந்தாள். முள் கோணல்மாணலாக நாலில் நின்றது.

"ஏன்டி, எப்பவுமே நாலு மணிதானா?"

"ஆமா. அப்பதான நான் வீட்டுக்கு வருவேன்."

பள்ளி வேன் மழையில் மாட்டியிருக்கும். கீழே இறங்கி நின்று பார்க்கலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை விலக்கிப் பிடியைத் திருகினாள். கதவு வரவில்லை.

மழைக்கு மரம் ஊதியிருக்கும். குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். கொஞ்சமும் அசையவில்லை. சட்டத்துக்கும் கதவுக்கும் இடையில் நகத்தை நுழைக்கப் பார்த்தாள். நுழைய இடம் இல்லை, விளிம்பே இல்லாமல் சுவரோடு சுவராக மழமழவென்று இருந்தது. கதவைத் தட்டி எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது. மாட்டிக்கொண்டோம் என்ற உணர்வு வரவில்லை என்று தன் கையால் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. சே, கழுதை, கதவு இறுகினால் தச்சனைக் கூப்பிடுவார்களா, இப்படி நினைப்பார்களா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, வேன்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எங்க வந்துட்டிருக்கீங்க? பாப்பா பத்திரமா இருக்கால்ல?"

"என்னம்மா கேக்குறீங்க? பாப்பாவ அப்பவே விட்டாச்சே. மழையா இருக்கேன்னு நானே குடை புடிச்சு மேல கூட்டிட்டு வந்தேன்."

"மேலயா? யாருகிட்ட விட்டீங்க?"

"உங்ககிட்டதாம்மா. கதவக் கொஞ்சமாத் தொறந்து கையை நீட்டி உள்ள கூட்டிக்கிட்டீங்களே. கை ஒரே ஈரமா இருந்துச்சு. பாத்திரம் கழுவிட்டிருக்கீங்கபோலன்னு நானும் நிக்காம எறங்கிட்டேன்."

அவள் போனைக் காதில் வைத்தபடியே திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? பாப்பாவும் போயிட்டு வர்றேன் அங்கிள்னு சொல்லிட்டுத்தான்..."

அதற்குமேல் அவர் குரல் இல்லை. போனுக்குள் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

வாசலோரம் மகளின் காலணிகள் இருந்தன. நனைந்திருந்தன. ஜோடி சேர்த்து, நேராக. அவள் மகள் ஒரு நாளும் அப்படிக் கழற்றியவள் இல்லை, ஒன்று இங்கே கிடந்தால் மற்றது கட்டிலடியில் கிடக்கும். பள்ளிப் பை சுவர்க்கொக்கியில் மாட்டியிருந்தது. அந்தக் கொக்கி மகளுக்கு எட்டாது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வீடு முழுக்கத் தேடினாள். கட்டிலடி. அலமாரி. குளியலறைக் கதவுக்குப் பின்னால். துணிக்கூடைக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தாள். ஜன்னலைத் திறக்கப் போனாள். கொக்கி சுழன்றது, கதவு விலகவில்லை. பூரிக்கட்டையைக் கொண்டுவந்து கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். கட்டை தெறித்து விழுந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. இந்த வீட்டில்தான் விரிசலே கிடையாதே. அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். கேட்டதெல்லாம் ஒரே ஒரு சொட்டு. இப்போது அது அவளுடைய வேலை அறையில்.

போனாள். தரை காய்ந்துதான் இருந்தது.

மேசைமேல் கிடந்த ஹெட்போனுக்குள் யாரோ பேசினார்கள்.

"அம்மா."

திரையில் கைகள் திரும்பி வந்திருந்தன. நீளக் கைகள் இல்லை. சின்னக் கைகள். இடது மணிக்கட்டில் நீலப் பேனாக் கடிகாரம். முள் நாலில்.

"அம்மா, இருட்டா இருக்கும்மா. எந்தக் கதவும்மா?"

அவள் ஹெட்போனை வாயருகே பிடித்துக் கத்தினாள். "இங்கதான்டி இருக்கேன். நகராத. அங்கயே நில்லு." மகளுக்கு அது கேட்கவில்லை. மறுபடி அதே குரல், இன்னும் சன்னமாக. "அம்மா, எந்தக் கதவும்மா?"

திரையைத் தடவினாள். அடித்தாள். கணினியின் மின்கம்பியைப் பிடுங்கப் போனவள், பிடுங்கினால் அந்தக் கைகள் எங்கே போகும் என்று நினைத்ததும் கம்பியை விட்டுவிட்டாள். அழுதுகொண்டே கருத்துப் பெட்டியைத் திறந்து மூன்றாம் குறையை அழிக்கப் பார்த்தாள். அழியவில்லை. சரி. குறை சொன்னால்தானே தீர்ப்பார்கள். ஊரிலேயே பெரிய நொட்டைக்காரி இங்கேதான் இருக்கிறாள். விரல் பிறழ, எழுத்து தப்ப, தட்டினாள்.

'குழந்தையை வைத்து விளையாடுவது பெரும் குறை.'

பதில் வந்தது. 'விளையாடுகிறவருக்கு இழக்க ஒன்று வேண்டும் என்ற குறை ஏற்கெனவே தீர்க்கப்பட்டது.'

'வாசல் கதவு திறக்கவில்லை.'

'ஏற்கெனவே தீர்க்கப்பட்டது.'

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று பாக்கி இருந்தது. உண்மையான குறை. எந்தத் தராசுக்காகவும் இட்டுக்கட்டாத குறை.

'இந்த வீட்டிலிருந்து வெளியே போக வழியே இல்லை. எவ்வளவு விளையாடினாலும் முடிவு இல்லை. தயவுசெய்து ஒரு முடிவு வையுங்கள்.'

பெட்டி யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் காலியாக இருந்தது. சின்னக் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

'இது தங்கள் நிறைப் பட்டியலில் உள்ளது. நிறைகள் மாற்றப்படுவதில்லை.'

அதற்குக் கீழே இன்னொரு வரி.

'வேறு குறை உண்டா?'

அவள் உட்கார்ந்தாள். விசைகளின்மேல் விரலை வைத்தாள். அழுத்தினால் மகள் நடப்பாள். ஒரு கதவு, இன்னொரு கதவு, அதற்கப்பால் இன்னொன்று. எல்லா அறையும் அவளுக்குத் தெரியும். புதிர்கள் நியாயமானவை. பொறுமையாகக் கூட்டிப் போகலாம். நிறுத்தாமல். எங்கேயும் விட்டுவிடாமல். "பயப்படாத செல்லம், அம்மா இருக்கேன்" என்று கேட்காத காதுக்குச் சொன்னாள்.

அழுத்தினாள். சின்னக் கைகள் அசையவில்லை.

சொட்டு.

திரைக்குள் விழுந்தது. சின்ன மணிக்கட்டில், கடிகாரத்தின் நடுவில். நீல மை பரவியது.

இன்னொரு சொட்டு. முள் கரைந்தது.

"அம்மா, இது நீதானே?" என்றாள் மகள். குரலில் பயம் போயிருந்தது. "கை ஏம்மா இவ்ளோ சில்லுனு இருக்கு?"

திரையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் அந்த நீளக் கைகள் உள்ளே வந்தன. பின்னாலிருந்து. அவசரமே இல்லாமல். சுருங்கிய விரல்கள் சின்ன மணிக்கட்டுகளைச் சுற்றிக்கொண்டன, பதமாக, குழந்தையைச் சாலை கடக்கக் கூட்டிப் போகிறவர்களைப்போல.

வீட்டில் சொட்டும் சத்தம் நின்றது.

அவள் எல்லா விசைகளையும் அழுத்திக்கொண்டிருந்தாள். கைகள் நான்கும் சேர்ந்து அடுத்த கதவைத் தள்ளின.